காலடியில் ஒரு புள்ளி

மான்ஸா நில ஆவண மையம்.
மூன்றாவது கவுண்டர். டோக்கன் நாற்பத்தேழு.
கண்ணாடிக்கு வெளியே ஜனவரிப் பனி
சுண்ணாம்பு அடித்ததுபோல் நிற்கிறது.
போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்
பெயர் சொல்கிறது:
ஷிங்காரா சிங்.

நவ்கிரண் தட்டுகிறாள்.
அப்படி ஒரு உரிமையாளர் இல்லை
என்கிறது திரை.

இல்லையென்றால் எப்படி மேடம்ஜி?
விடிகாலை கோதுமைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் வருகிறேன்.
சேறு இன்னும் செருப்பில் இருக்கிறது.

எட்டிப் பார்க்கிறாள். இருக்கிறது.
ஊர்ப் பட்டியலை மேலிருந்து கீழே
விரலால் உருட்டிக்கொண்டே வந்தால்
ஆளும் இருக்கிறார்.
அதே பெயர், துணி காயும் கொடிபோல் அதே தலைக்கோடு,
அதில் தொங்கும் அதே முதல் எழுத்து:
சஸ்ஸா, அதன் காலடியில் ஒரு புள்ளி.

நமக்குப் புள்ளி தலையில்.
வைத்தால் எழுத்தின் உயிர் போகும்,
மெய் மட்டும் மிஞ்சும்.
அவர்களுக்குக் காலில்.
வைத்தால் ஸ, ஷ ஆகும்.
உயிர் போகாது.
நிலம் போகலாம்.

கணினிக்கு அந்த ஷ
2614 என்று ஒரே எண்.
அல்லது 2616, ஒட்டி நிற்கும் 2620.
முதலில் எழுத்து, அதன்பின் புள்ளி.
கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.
கூட்டினாலும் கழித்தாலும்
கணக்கு உதைக்கிறது.

முன்பிருந்த ஆபரேட்டர் ஒரே தட்டில் முடிக்கிறவன்.
நவ்கிரண் எழுத்தைத் தட்டி, பிறகு புள்ளியைத் தட்டுகிறவள்.
தட்டச்சுத் தேர்வுக்கு அப்படித்தான் பழகினாள்,
நிமிடத்துக்கு முப்பது சொல்,
பக்கத்தில் ஒரு டம்ளர் ஆறிய டீ.

இப்போது அவனுடைய வழியில் தட்டுகிறாள்.
வந்துவிட்டார் ஷிங்காரா சிங், ஆறு கனால் நிலத்தோடு.
கடன் பட்டியலில் தேடுகிறாள்.
அங்கே இவர் இல்லை.
அங்கே நிற்பவர் அவள் கையால் தட்டிய இன்னொரு ஷிங்காரா:
ஒரு மர்லா மண்கூடக் கிடையாது,
கூட்டுறவு வங்கிக்கு
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.
பிறகு போர்வையே குலுங்கச் சிரிக்கிறார்.
அப்படியே விட்டுவிடுங்கள் மேடம்ஜி.
கடன்காரன் எங்கேயாவது தொலையட்டும்,
நிலத்துக்காரன் வீட்டுக்குப் போகிறேன்.

எனக்கும் அந்தப் புள்ளியை வைத்துக் கொடுங்கள்
என்கிறது வரிசையில் நாற்பத்தெட்டு.

அவளும் சிரிக்கிறாள்.
சிரித்துக்கொண்டே
தன் கையால் தட்டியதைப்
பின்னாலிருந்து அழிக்கிறாள்.
சிங் போகிறது. ரா போகிறது. கா போகிறது.
எழுத்துக்கு முன்னால் வளைந்து நின்றாலும்
பின்னால் சேர்ந்த இகரக் குறி போகிறது.
ஷ மட்டும் மிச்சம்.
இன்னொரு தட்டு:
புள்ளி உதிர்ந்து ஸ நிற்கிறது
வெறுங்காலோடு.

ஸிங்காரா, என்கிறார் அவர், திரையைப் பார்த்து.
என் வீட்டுக்காரி இப்படித்தான் கூப்பிடுவாள்.
அவளுக்கு ஷ வராது.

இன்னொரு தட்டு. வெறும் வெள்ளை.
பனி உள்ளே வந்துவிட்டதோ என்று
ஒரு கணம் இருவருமே பேசவில்லை.

பிறகு 2614.
பிறகு முழுப் பெயரும்.

சேர்த்துவிட்டீர்களா?
அனுப்பியிருக்கிறேன். தாசில்தார் ஒப்புதலுக்கு ஏழு நாள் ஆகும்.
அதுவரை?
அதுவரை நீங்கள் இரண்டு பேர்.

நகலுக்கு இருபது ரூபாய்.
பிரிண்டரில் மை குறைவு.
வாசலில் நின்று
தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார்:
தன் பெயர், அதன் காலடியில்
தூசிபோல ஏதோ.

கட்டைவிரலால் துடைக்கிறார்.

போகவில்லை.
மடித்து, உள்பைக்குள் வைத்துக்கொண்டு
இரண்டு பேரும்
ஒரே சைக்கிளில் போகிறார்கள்.