வால்

கல்லுக்கட்டிக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை.
பென்டிரைவை நீட்டிய வயிரவன்
திரையைப் பார்த்து முகம் சுளித்தார்:
"ஒரு படத்துக்கு எதுக்குய்யா இத்தனை வால்?"

வெளிவந்த ஆண்டு. ஆயிரத்து எண்பது.
எதில் சுருக்கியது, ஒலி ஐந்து புள்ளி ஒன்று,
கடைசியில் ஒரு கோடு இழுத்து
ஏற்றிவிட்ட குழுவின் பேர்.

"அட, விலாசம்!" என்றார்
மெ.சித.நா. என்று ரசீதில் ஒப்பமிடுகிறவர்.
"நாங்க முன்னாடி போடுவோம், இவன் பின்னாடி."

நடுவில் பதுங்கியிருந்த 'கேம்' என்பதைத் தொட்டுக் காட்டினேன்.
கொட்டகை இருட்டில் எவனோ பிடித்தது;
மற்றதெல்லாம் வெறும் பெருமை.

ஓடவிட்டோம்.
இருபதாம் நிமிடம்
கதாநாயகியை மறைத்து ஒரு தலை எழுந்தது.
பின்னாலேயே தும்மல்.

"நிறுத்து. இது எங்க சம்பந்தி தும்மல்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
பேரை முதலிலிருந்து
புள்ளி புள்ளியாகப் படிக்கத் தொடங்கினார்.