மை வைப்பவள்

அடையாளம் பார்க்க ஒருவர்,
பொத்தான் திறந்துவிட ஒருவர்,
நடுவில் நான், இரண்டாம் அலுவலர். மை வைப்பவள்.
அருவங்காட்டில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல்.
அன்று பந்தலூருக்கு மேலே
எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் குட்டிப் பெஞ்சில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்கு மூடுபனி வாசல்வரை வந்து
வரிசையோடு நின்றுகொண்டது.

பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்:
இடது கை, ஆள்காட்டி விரல்,
நகமும் தோலும் சேரும் இடத்தில் ஒரு கோடு.
இந்தக் குப்பி வெளியில் யாருக்கும் கிடைக்காது.
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கொழுந்து பறிக்கிற விரலில் கோடு போடுவது
கரும்பலகையில் கரியால் எழுதுவது மாதிரி.
பத்து விரலும் ஏற்கெனவே கறை,
வெடிப்புக்குள் இறங்கி உறைந்த கறை.
தேடித் தேடித்தான் தோல் கிடைத்தது.
வைத்தவுடன் ஊதா.
கறுப்பதற்கு வெளிச்சம் வேண்டும்,
வெள்ளி உப்பு அப்படித்தான்.
அன்று வெளிச்சமே இல்லை.
என்னிடம் கை நீட்டியவர்கள் எல்லோரும்
ஊதா விரலோடு சரிவில் இறங்கினார்கள்.

நூற்றுப் பதினாலாவது ஆள் சிவபாக்கியம்.
மேல் லயம், வயது ஐம்பத்தேழு.
"ஏற்கெனவே மை இருக்கு மேடம்"
விரலைப் பார்க்காமலே சொன்னார்
சுவரோரம் இருந்த ஏஜெண்ட்.

"தேயிலக் கறை டீச்சர்" என்றாள் அவள்.

எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் பரிசோதனை.
மதியச் சோற்றுக்கு வைத்திருந்த எலுமிச்சையை
இரண்டாக அறுத்துத்
தேய்த்தேன், விரல் விரலாக,
ஊரே பார்க்க.
ஒன்பது விரல் வெளுத்தது.
ஒன்று வெளுக்கவில்லை.

நேற்றைய வெயிலைக் குடித்திருந்தது அந்தக் கோடு.
நான் ஊதா. அது கறுப்பு.
என் குப்பி சீல் உடைந்தது காலை ஏழுக்கு.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தது போதாமல் அறுத்தேன் எலுமிச்சையை.
ஏஜெண்ட் சிரிக்கவில்லை, டீ சொன்னார்.

"நேத்து மேச போட்டு உக்காந்தாங்க.
வீட்டுக்குப் பட்டா குடுக்கக் கணக்கு எடுக்குறோம்னாங்க.
ஒரு ஆளு ரெண்டு தடவ வந்துறக் கூடாதாம்,
அதுக்கு அடையாளம்.
கப்பல்ல இருந்து எறங்குன நாள்லருந்து
அந்தப் பட்டாவுக்குத்தான் டீச்சர் நிக்கிறோம்.
விரலக் குடுக்காம இருப்பமா?"

பட்டியலில் அவள் பெயருக்கு நேரே வெற்று இடம்.
கையெழுத்து இல்லை, வரிசை எண் இல்லை.
தலைமை அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
புத்தகம் விரலை மட்டும் கேட்டது.

அவளுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர்.
எல்லாம் மேல் லயம்,
எல்லோர் இடது கையும் முந்தானைக்குள், பாக்கெட்டுக்குள்.
"தராசுலயும் இப்படித்தான்" என்றாள் திரும்பும்போது.
"சாக்கு எடன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க.
சாக்கு எங்களுதுதான்."

வார்டு இருபத்தொரு ஓட்டில் முடிந்தது.
நாட்குறிப்பில் ஒரு கட்டம்:
குறிப்பிடத்தக்க சம்பவங்கள்.
'ஏதுமில்லை' என்று தலைமை அலுவலர் எழுதி
என் பக்கம் தள்ளினார்.
பேருந்து ஆறரைக்கு.
யானை இறங்கும் பாதை.
கையெழுத்துப் போட்டேன்.

என் ஓட்டு தபாலில் போனது. என் விரலில் கோடு இல்லை.
ஆனால் குப்பியைத் திருகித் திருகி
வலது கட்டைவிரல் முழுக்க அப்பியிருந்தது.

மறுநாள் அருவங்காட்டில் நல்ல வெயில்.
இரண்டாவது பீரியட் முடிவதற்குள்
சாக்பீஸ் பிடித்த விரல் கறுத்துவிட்டது.
கடைசி பெஞ்சிலிருந்து ரோஹன் கேட்டான்:
"மிஸ், நீங்க எந்த விரல்ல ஓட்டுப் போட்டீங்க?"