பதினோராவது கட்டை

இன்றைக்கும் அறுத்திருக்கிறார்கள்.
முழங்கால் உயரத்தில், வழவழவென்று.
நல்ல ரம்பம், பழகிய கை.
போன மாதம் வந்தவன் அவசரக்காரன்;
பாதி அறுத்து மீதியை உதைத்ததில்
சிராய் சிராயாய் நின்றது.
இவன் அப்படியில்லை.
மரத்தூளைக்கூடக் கூட்டி அள்ளிப்
பூத்தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்,
செடியின் காலடியில், குளிருக்கு அணைவாக.

பிரிஸ்டலில் நவம்பர், காலை ஆறரை.
மழை பெய்கிறது என்று சொல்ல முடியாது,
பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.
மார்லிங் தெருவின் வாயில்
பத்தாவதைப் பிடுங்கிவிட்டுப்
பதினோராவதை நடுகிறேன்.
இருபுறமும் தொட்டி, நடுவே கட்டை,
சைக்கிள் நுழைய ஒன்றரை மீட்டர்.
ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்;
இந்த ஊர் இரண்டுபட்டதில்
எனக்குக் கிடைத்தது ஓவர்டைம்.
சின்ன மகளின் பல்லுக்குக் கம்பி கட்டியாயிற்று.

முதலில் வந்தவள் குவெண்டா.
கார்க் கண்ணாடியை இறக்கினாள்.
எட்டு மணிக்குள் நான்கு வீடு அவளுக்கு,
நான்கு படுக்கைகள்,
புரட்டிப் போட வேண்டிய நான்கு உடம்புகள்.
இந்தத் தெருவழி இரண்டு நிமிடம்,
பெரிய ரோட்டைச் சுற்றினால் பதினான்கு.
"மிச்சம் பன்னிரண்டு நிமிஷமும்
லட்விக் ஈரத்துல கிடக்கிறார், மெரிக்."
கத்தியிருந்தால் ஏதாவது பதில் வந்திருக்கும்.
மெதுவாகத்தான் சொன்னாள்.
வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது
தொட்டியில் இடிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் இஃப்ரா,
முக்காட்டின் மேல் ஹெல்மெட்,
பின்னால் ஆறு வயது சக்காரியா;
துணைச்சக்கரம் கழற்றி ஒன்பது நாள்.
போன குளிர்காலம் முழுக்க
அவன் நெஞ்சு விசிலடித்ததாம்.
இப்போது தூங்குகிறானாம்.
"புகை குறைஞ்சதாலயா, பையன் வளர்ந்ததாலயா, தெரியாது.
கூட்டத்துல கேட்டா
ரெண்டாவதைச் சொல்லமாட்டேன்."

கூட்டம் போன வியாழன், சர்ச் கூடத்தில்.
ஒருவர் எழுந்து சுதந்திரம் என்றார்.
இன்னொருவர் நுரையீரல் என்றார்.
இருவரும் காரில் வந்தவர்கள்தான்;
நிறுத்த இடமில்லாமல்
ஒரே மூலையில் ஹார்ன் அடித்தவர்கள்.
சைக்கிள் எல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று
யாரோ மேசையைத் தட்டியபோது
கதவருகே நனைந்தபடி ஒரு பையன்
பீட்சாவை யாரிடம் கொடுப்பது என்று
கேட்டுக்கொண்டிருந்தான்.
அவன் சைக்கிள் வாசலில் சாய்ந்திருந்தது,
முன்விளக்கு டேப் ஒட்டியது.

ஏழு மணிக்கு டென்சில் டக்கெட் தேநீரோடு வந்தார்.
பெரிய ரோட்டில் நாற்பதாம் எண் வீடு.
இங்கே அடைத்த வண்டிகள் எல்லாம்
அவர் ஜன்னலுக்குக் கீழேதான் ஊர்கின்றன.
மனைவியின் துணிகளை இப்போது
வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறாராம்.
வெளியே போட்டால் சாம்பல் பூக்கிறது.
அதைப் புகாராகச் சொல்லவில்லை,
சர்க்கரை போதுமா என்பதைப் போலச் சொன்னார்.

கட்டையைப் பார்த்தார்.
"என்ன மரம்னு எழுதியிருக்கான்?"
ஓக், என்றேன்.
"பைன். மேலே சாயம்.
உங்களை ஏமாத்திட்டாங்க.
உள்ளே வெளுப்பு, வெண்ணெய் மாதிரி."

உள்ளே எப்படி இருக்கும் என்று
உள்ளே போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.
அவர் சட்டைக்கை மடிப்பில்
மஞ்சளாய்க் கொஞ்சம் துகள்.
எனக்கும் தெரிந்தது,
எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது.
தேநீர் நன்றாக இருந்தது. குடித்தேன்.

அப்போதுதான் சக்காரியா திரும்பி வந்தான்,
மறந்துபோன பையை எடுக்க, தனியாக.
இடதுபக்கம் சாய்ந்து, வலதுபக்கம் சாய்ந்து,
கட்டையையே முறைத்துப் பார்த்து,
பார்க்கிற இடத்துக்கே வண்டி போகும் என்று
யாரும் அவனுக்குச் சொல்லாததால்
நேராக அதை நோக்கி.
டென்சில் கோப்பையைப் போட்டுவிட்டுக்
கையை நீட்டினார்.
தேவைப்படவில்லை.
கைப்பிடி நுனி ஒரு விரற்கடையில் தப்பியது.

உடைந்த பீங்கானை நாங்கள் இருவரும்
குனிந்து பொறுக்கினோம்.
பேசவில்லை.

வேனில் ஏறிச் சீட்டு எழுதினேன்:
பதினொன்று நட்டாயிற்று.
பன்னிரண்டு தேவைப்படலாம்.
மரம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
ஓக், என்று எழுதினேன்.
அடைப்புக்குள்: அசல்.