கேட்டது

கோயிம்ப்ராவின் மேட்டுத் தெருவில்
இரண்டாம் மாடி எனக்கு, மூன்றாம் மாடி கிராசியெத்துக்கு.
நடுவே நூறு வயது மர உத்தரங்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை;
விடிந்த பின்தான் எனக்கு ராத்திரி.
அவளுக்கு விடிந்ததும் தொலைபேசி.
காப்பீட்டுக் கம்பெனிக்காகப் புகார் கேட்பவள்,
நடந்துகொண்டேதான் கேட்பாள்.
ஜன்னலிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு காலடி.
திரும்புகையில் பதின்மூன்று.
அந்த ஒரு காலடி எங்கே போகிறது என்று
பதினோரு வருடம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

துடைப்பக் கட்டையால் தட்டினேன்.
சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகினேன்.
கடைசிச் சீட்டில் ‘தயவுசெய்து’ என்று மட்டும் எழுதினேன்.
அதுதான் வேலை செய்தது.

தக்கைத் துண்டுகள் மூன்றைக் கொண்டுவந்தாள்.
ஒன்று ரொட்டித்தூள் போலப் பொடிசாக,
ஒன்று கருகிய கோடுகளாக,
மூன்றாவது, கூழாங்கல் ஆற்றை மேலிருந்து பார்த்த மாதிரி.
“கீழே படுப்பவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்.”
கட்டைவிரலால் அமுக்கினேன்.
அமுங்கி, யோசித்து, எழுந்தது மூன்றாவது.
“அது தடிமன் ஜாஸ்தி, விலையும்.”
பாதி நான் தருகிறேன் என்று
என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

பதிக்க வந்தவன் அதெரித்து.
பெட்டிகளைத் திறந்து மூன்று நாள் அறையிலேயே விட்டான்,
வீட்டின் ஈரம் பழகட்டும் என்று.
அலென்தெஜோவில் பட்டை உரித்த மரத்தின் மேல்
அந்த வருடத்தின் கடைசி இலக்கத்தை வெள்ளையில் எழுதுவார்களாம்,
ஒன்பது வருடம் யாரும் தொடக் கூடாது.
“மரமே அவ்வளவு பொறுக்கிறது, உங்களுக்கு என்ன?”
அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். சாவி என்னிடம்.

பசை வாடை படியிறங்கி வந்தது.
தலைக்கு மேல் உருளை உருண்டது, தூரத்து ரயிலாய்.
சுவரோரம் சுண்டுவிரல் அகலம் விட்டான்:
“மழையில் விரியும். இடம் தராவிட்டால் முதுகைத் தூக்கும்.”

அதற்குப் பின் அவள் வேறு ஆள்.
செருப்பு வாசலோடு சரி.
நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளிப் பொட்டு.
வெயில் நிறத்தைத் தின்னும் என்று மூன்று மணிக்குத் திரை.
நனைந்தோமா இல்லையா என்று துணிக்கே தெரியாதபடி
பிழிந்து பிழிந்து துடைப்பாள்.

நான் கேட்டது கிடைத்தது.
அதன் பின் எதுவும் கேட்கவில்லை.
தூங்கினேன், கிணற்றில் போட்ட கல்லாய்.

பிப்ரவரியில் ஒரு முற்பகல்
வெந்நீர்க் குழாய் கணகணவென்று அலறியது.
என் பழைய கோபம் எனக்கு முன்னே படியேறிற்று.
சாவி போட்டுத் திறந்தால்
சமையலறையில் கிடக்கிறாள், கணுக்கால் பூசணியாய் வீங்கி.
கையில் கரண்டி.
பக்கத்தில் கவிழ்ந்த கீரை சூப்.

“ஒரு மணி நேரம் தரையைத் தட்டினேன், சில்வீனு.”
கேட்கவில்லையே என்றேன்.
“கேட்காதுதான். நல்ல தரை.”
பிறகுதான் குழாய் ஞாபகம் வந்து ஊர்ந்திருக்கிறாள்.

தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.
“முதலில் சூப்பைத் துடை. இடுக்கில் இறங்கினால் ஊதிவிடும்.”
முதல் தடவையாக ஒருமையில்.
துடைத்தேன்.
முழங்கால் பட்ட இடம்
காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி இருந்தது.

கரண்டி விழுந்த இடத்தில்
பிறை பிறையாய் முப்பது பள்ளங்கள்.
மாவுக்கட்டுப் பிரிப்பதற்குள் பாதிக்கு மேல் எழுந்துவிட்டன.
மற்றவை இருக்கின்றன.

இப்போது வேலைக்குக் கிளம்புமுன்
குழாயை இரண்டு தட்டுத் தட்டுகிறேன்.
மேலிருந்து ஒன்று வரும். சில நாள் தாமதமாக.

அவள் ஊன்றுகோலின் அடி ரப்பர் கறுப்பு,
தக்கையில் கறை வைக்குமாம்.
நேற்றுக் கடைக்குப் போனேன்.
வெள்ளை இல்லை.
சாம்பல் நிறத்தில்தான் கிடைத்தது.