கீழே ஒரு கோடு

மனாகுவாவுக்கு மலிவான டிக்கெட்
ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ,
இரண்டு இடத்தில் இறங்கி ஏறி.
எங்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்தது
இருநூற்றுப் பன்னிரண்டு.
நான் இரண்டாம் தடவை எண்ணுவதற்குள்
யாதிரா டப்பாவை மூடிவிட்டாள்.
"எரிமலை இந்த நாட்டிலும் இருக்கிறதாம்.
மாத டிக்கெட்டிலேயே போகலாம்."

கொலோனில் ஏறி ஆண்டர்நாக்.
அங்கிருந்து இரண்டே பெட்டி ரயிலில் மெண்டிக்.
அவள் முதுகில் தம்பி விட்டுப்போன பை.
அறுந்த வாரை
ஆஸ்பத்திரி பேண்டேஜால் நான்தான் கட்டினேன்.
ஒரே இரவுப் பணி எங்களுக்கு.
நான் ஊசி போடுகிறவள், அவள் தரை துடைக்கிறவள்,
பழுதாகி நின்ற லிஃப்டுக்குள்
நாற்பது நிமிடத்தில் சிநேகிதமானோம்.

கணக்கு நோட்டு என் பொறுப்பு.
ரொட்டி, ஒன்று தொண்ணூறு.
வாழைப்பழம் ஆறு, ஒன்று இருபது.
கழிப்பறை, எழுபது சென்ட். அநியாயம்.
தண்ணீர், கல்லறைத் தோட்டத்துக் குழாயில்,
இறந்தவர்களின் பூச்செடிக்கு வைத்தது.
கேட்டுவிட்டுத்தான் பிடித்தோம்.

மடாலயத்து ஓட்டலில்
ஓர் இரவுக்கு என்ன விலை என்று பார்த்தோம்.
பார்த்துவிட்டுக்
கும்பிட்டுவிட்டு வந்தோம்.

மழைக்கு ஒதுங்க யாரோ கட்டிய குடில்,
மூன்று பக்கம் பலகை.
நாலாவது பக்கம் லாஹர் ஏரி.

"இதுவா?" என்றாள்.
"எங்கள் ஊரில் விளிம்பில் நின்றால்
புருவம் பொசுங்கும்.
இராத்திரி எட்டிப் பார்த்தால்
அடியில் சிவப்பாய் ஒரு வாய்.
இவன் பென்ஷன் வாங்கிவிட்டான்.
வெடிப்பதானாலும்
பதிவுத் தபால் அனுப்பிவிட்டுத்தான் வெடிப்பான்."

உன் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள்.
எரிந்த தீக்குச்சியால்
பெஞ்சில் எழுதினேன்: எரி.
இது நெருப்பு.
முதல் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன்: ஏரி.
இது தண்ணீர்.
அவள் குனிந்து
இரண்டு முறை விரலால் தடவினாள், கரி ஒட்டியது.
"இந்தக் கோட்டை இழுக்க
எவ்வளவு நாள் ஆனது?"
கரையோரத்துப் பலகை சொல்லியிருந்தது,
ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் ஆண்டு.

காலையில் கிழக்குக் கரைக்குப் போனோம்.
நாணலுக்கு இந்தப் பக்கம்
தண்ணீர் குமிழ் குமிழாய் வந்துகொண்டிருந்தது,
உலை கொதிக்கும் முன்னே வருமே, அப்படி.
யாதிரா ஓடிப்போய்க் கை விட்டாள்.
பச்சைத் தண்ணீர்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கையை எடுக்காமலே
மற்றக் கையால் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

மசாயாவில் இரவு பதினொன்று.
ஒன்றும் பேசாமல்
குமிழ்களுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தாள்.
"இந்நேரத்தில் என்னடி கொதிக்கிறது?
மேலே தட்டைப் போடு, பொங்கிவிடும்."
ஸ்பானிஷில் கேட்டதை ஜெர்மனில் சொன்னாள்,
நான் தமிழில் சிரித்தேன்.

பிறகு அந்தக் குரல் வேறு ஏதோ கேட்டது.
அதை அவள் எனக்குச் சொல்லவில்லை.
போனை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.
குளுக், குளுக்.
ஏரி பதில் சொல்லட்டும் என்பதுபோல்.

மேடேறும்போதுதான் சொன்னாள்:
பாஸ்போர்ட் காலாவதியாகி மூன்று வருடம்.
தூதரகத்தில் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்.
காரணம் கேட்டதற்கு
ஜன்னலைச் சாத்தினார்கள்.
அம்மாவிடம் டிக்கெட் விலையைத்தான்
குறையாகச் சொல்லி வருகிறாளாம்.
நல்லவேளை, விலை ஏறிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம்.
மெண்டிக் வரைக்கும் நடந்தோம்.
வழியில், கார்க் மாதிரிக் கனமில்லாத
ஒரு நுரைக்கல் எடுத்தாள்,
வெடித்த குதிகால் தேய்க்க.
"எழுது," என்றாள்.
எழுதினேன்:
எரிமலைக் கல், ஒன்று.
விலை எழுதும் இடத்தில்
ஒரு கோடு.