பதினோராம் பக்கத்துக் கதவு

நாய் வந்து நின்று
நாற்பத்தொரு நாளாயிற்று.

முதல் பத்துப் பக்கமும் மழையில் ஓடி வந்தது.
பேருந்து நிலையம், இரண்டு சந்து, ஒரு பெட்ரோல் பங்க்,
சைக்கிளில் போனவன் தவறவிட்ட ரொட்டியில் பாதி.
மூன்றே வாரத்தில் எல்லாம் வரைந்துவிட்டாள் அனாஹீ.
பிறகு ஐந்தாம் கட்டத்தில் மூடிய கதவு.
ஆறாம் கட்டத்தில்
ஒன்றுமில்லை.

மொந்தேவிதேயோவில் ஆகஸ்ட் என்றால் குளிர்.
ஆறு என்றுதான் பெயர், அக்கரை தெரியாது,
ஆறிய தேநீர் நிறத்தில் கிடக்கிறது.
தெற்குக் காற்று ஜன்னலை உலுக்கும்போதெல்லாம்
அதற்கும் தன் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொள்வாள்.

பகலில் சட்டக் கல்லூரிக்கு எதிரே நகல் கடை.
யார் யாரோ அடிக்கோடிட்ட சொத்துரிமைச் சட்டம்
அவளுக்கு இப்போது பாதி மனப்பாடம்.
கடை மூடியபின் இயந்திரம் அவளுடையது,
காகிதம் மட்டும் சொந்தச் செலவு.
இருநூறு பிரதி எடுத்து, மடித்து, தைத்து
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
பழைய சாவி விற்பவனுக்குப் பக்கத்தில் விரிப்பாள்.
வரையச் சொன்னவர் யாருமில்லை.
நிறுத்தினால் ஏனென்று கேட்கவும் யாருமில்லை.
இரவில் தூங்கவிடாதது
இந்த இரண்டாவதுதான்.

ஏதேதோ செய்து பார்த்தாள்.
பென்சில்களையெல்லாம் சீவித் தூளை முகர்ந்தாள்.
இடக்கையால் வரைந்தாள், நாய் கழுதையாயிற்று.
கதவுக்குப் பின்னால் ஒரு விதவை,
ஒரு துப்பாக்கி, இன்னொரு நாய், கடல்,
நாயைத் தொலைத்த பழைய எஜமான்:
ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தினாள்.
எல்லோரும் நன்றாகவே நடித்தார்கள்.
நாய்தான் நம்பவில்லை.

கதவையே எடுத்துவிடேன் என்றாள் மிகேலா.
எடுத்தாள்.
நாய் வெறும் சுவரைப் பார்த்து நின்றது.

கிழிக்கவும் மனமில்லாமல் சேர்ந்த தாள்களை
மீன்கடை வாஷிங்டனிடம் கொடுத்தாள்.
(அந்த ஊரில் அப்படிப் பெயர் வைப்பதுண்டு,
தம்பி பெயர் மில்டன்.)
தடித்த தாள், பொட்டலத்துக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டவன்
விலைப்பலகையில் ஒரு மீன் போட்டுத் தரச் சொன்னான்.
போட்டாள். நெடுநேரம் பார்த்தான்.
"தூங்குகிறதா?"
"இல்லையே."
"பிறகு ஏன் கண் மூடியிருக்கிறது?
மீனுக்கு ஏதம்மா இமை?"
ஈரக் கட்டைவிரலால் அழித்துவிட்டு
சாக்பீஸால் ஒரு வட்டம், ஒரு புள்ளி,
அவனே வைத்தான்.
மீன் இருவரையும் பார்த்தது.

நாற்பத்திரண்டாம் நாள்
அரைக் கிலோ மீன் வாங்கிவந்து பிரித்தால்
உள்ளே பிளாஸ்டிக், வெளியே
அவளுடைய ஐந்தாம் கட்டம்.
நனைந்து மை கரைந்து
கதவுக்கடியில் மட்டும் கறை ஏறாமல்
ஒரு விரற்கடை வெள்ளை.
உள்ளே யாரோ
விளக்கை அணைக்காமல் இருப்பதுபோல்.
எண்ணெய் புகைந்ததும்தான்
அடுப்பு நினைவுக்கு வந்தது.

பார்த்து வரைய உட்கார்ந்தாள். வரவில்லை.
கையால் வைத்த வெளிச்சம்
கையால் வைத்த மாதிரியே இருந்தது.
தாளை நனைத்தாள். உப்புத் தண்ணீரில் நனைத்தாள்.
ஆறிப்போன மாத்தேயை ஊற்றிப் பார்த்தாள்.
ஒன்பதாவது தாளில்
நாயின் மூக்கு அந்தக் கீற்றை நோக்கித் தாழ்ந்தது.
தான் தாழ்த்தவில்லை என்று சத்தியம் செய்வாள்.
கதவு திறக்கவில்லை.
நாய் படுத்துக்கொண்டது,
முன்னங்கால் ஒன்றை வெளிச்சத்தில் நீட்டி,
கண் மூடாமல்.

மணி மூன்றரை.
விடிந்தால் நாறும் என்று
மீனுக்கு உப்புத் தடவி வைத்தாள்.
கையைக் கழுவாமலே
பன்னிரண்டாம் பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டாள்.
முதல் கட்டத்தின் ஓரத்தில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்
இன்னும்.