மூன்றாவது பொட்டலம்

ஐம்பது ஐம்பது கிராமாய் மூன்று பொட்டலம்
லீ பஜார் கூரியர் கடையிலிருந்து
என் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் ஏறின.
சிட்ரா. சாஸ். சிம்கோ.
சாஸ் என்றதும் தக்காளியா எனக் கேட்டான் பையன்.

மூன்றையும் கலக்கக் கூடாது என்பது ஃப்ளோரன்ஸ் கட்டளை.
நாகலூரில் காப்பிப் பழம் நொதிக்கும் தொட்டியை
மூக்காலேயே நிறுத்தத் தெரிந்தவள்.
இருபது லிட்டர் பீருக்கு ஒரு வாசம் போதும்,
மீதி எல்லாம் கல்யாண மண்டபத்துப் பின்வாசல் என்பாள்.

அடிவாரம் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.
காவலர் மாதையன் சீட்டைத் தூக்கச் சொன்னார்.
கோழித் தீவனம் போன்ற பச்சை உருண்டைகளை
விளக்குக்கு நேரே பிடித்தார்,
என் முகத்தைப் பார்த்தார்,
"என்னங்க, அதுவா?"

அதில்லைங்க.
அதற்கு ஒன்றுவிட்ட அக்கா முறை என்பதைச் சொல்லவில்லை.
கொடியில் பூக்கிற பூங்க, அரைச்சு அழுத்தினது,
கசாயத்தில் போடுவோம் என்றேன்.
எந்தக் கசாயம் என்று அவர் கேட்கவில்லை.

முதல் பொட்டலத்தில் மூக்கை விட்டார்.
"கமலாப்பழத் தோலை நகத்துல கிழிச்சாப்ல."
இரண்டாவது.
"வேப்பம்பூ காயவச்ச துணி."
மூன்றாவதில்
ஒரு லாரி ஹாரன் அடித்து ஓயும்வரை
நிமிரவே இல்லை.

"மல்கோவாக் காம்பைக் கிள்ளினா பால் பீச்சுமே,
கன்னத்துல பட்டா புண்ணாகுமே,
அது."

ஆறு மாதம்!
பூனை மூத்திரம் என்று அவள்,
சவுக்குப் பிசின் என்று நான்,
நோட்டில் எழுதி எழுதி அடித்தது.

இருபது கொண்டை ஊசியிலும் அந்தப் பால்
என் கன்னத்தில் ஊறிக்கொண்டே வந்தது.
காப்பி பூத்திருந்த வளைவில் மட்டும்
கொஞ்சம் வழிவிட்டது.

ஃப்ளோரன்ஸ் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கியிருந்தாள்.
நான் மாதையன் சொன்னதைச் சொன்னேன்.
அவள் ஒருமுறை முகர்ந்தாள்,
கத்தரிக்கோலைத் தேடாமல்
பல்லாலேயே கிழித்துக் கொட்டினாள்.
மற்ற இரண்டும் ஃபிரிட்ஜில்,
மீன் குழம்புக்குப் பக்கத்தில்.

அடுத்த வாரம் சீட்டுக்கடியில் ஒன்றுமில்லை,
ஒரு ஸ்பேனரைத் தவிர.
மாதையன் கை காட்டி நிறுத்தினார்.
"கசாயம் கேட்டுச்சா?"
"இன்னும் நுரைச்சுட்டிருக்குங்க."
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவர் கொஞ்ச நேரம்
மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
தடுப்புக் கம்பு மேலே போனது.